ஓநாய் மனிதனை எழுதிய அகதி

ஓநாய் மனிதனைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். முழுநிலா இரவில் ஒரு மனிதன் ஓநாயாக மாறுவான். அவனிடம் கடிபட்டு உயிர் தப்பியவனும் அப்படியே மாறுவான். சாதாரண ஆயுதம் அவனைக் கொல்லாது, வெள்ளி வேண்டும். எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். படம் பார்த்த பிள்ளைகளும் பார்க்காத பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள். "இதை யார் எழுதினது?" எண்டு கேட்டதற்கு, "யாரும் எழுதல்ல சேர், அது வெள்ளைக்காரங்கட பழைய நம்பிக்கை" எண்டு பதில் வந்தது.

அந்தப் பதில் பாதி சரி. மனிதன் ஓநாயாக மாறும் கதை ஐரோப்பாவில் மிகப் பழையது. ஆனால் இன்று நாம் அறிந்திருக்கும் வடிவம் பழையதல்ல. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்த நம்பிக்கைகளை எடுத்து, தன் சொந்தக் கற்பனையையும் சேர்த்து, ஒரு கோவையாகக் கட்டியவர் ஒரு தனி மனிதர். 1941இல், அமெரிக்காவில், ஒரு சினிமாக் கம்பனியின் சம்பளத்துக்கு அவர் அதைச் செய்தார். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து வெளியேறிய யூதர் அவர். பெயர் கேர்ட் சியோட்மாக்.

பேய்ப்படம் எண்டால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். இலக்கியமும் ஆய்வும் பேசும் சஞ்சிகையில் பேய்ப்படத் திரைக்கதையாளருக்கு என்ன இடம் என்று கேட்கவும் கூடும். எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒருவர் எழுதிய வரிகள் அவர் உயிரோடு இருக்கும்போதே 'ஆசிரியர் பெயர் தெரியாத பழம்பாட்டு' ஆகிவிடுவது எப்படி என்பதற்கு இவருடைய வாழ்க்கை நல்ல சான்று. அடுத்தது, நாட்டையும் மொழியையும் இழந்த ஓர் எழுத்தாளர், பிறர் சொல்லிச் செய்யும் கூலி வேலைக்குள்ளும் தன் சொந்தக் கதையை எப்படி வைக்கிறார் என்பது.

ட்ரெஸ்டன் முதல் பேர்லின் வரை

கேர்ட் சியோட்மாக் 1902 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவருக்கு இரண்டு வயது மூத்தவர் அண்ணன் ரொபர்ட். பிற்காலத்தில் பெரிய இயக்குநர் என்று பெயர் எடுத்தவர். கேர்ட் படித்தது கணிதம். சூரிச் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆனால் கணக்கை வைத்துப் பிழைக்கவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையாளரானார்.

அந்தக் காலத்து ஒரு சம்பவம் அவருடைய சுபாவத்தைக் காட்டும். பிரிட்ஸ் லாங் என்ற புகழ்பெற்ற இயக்குநர் 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நிருபர்களுக்குப் படப்பிடிப்புத் தளத்துக்குள் இடமில்லை. கேர்ட்டும் பின்னாளில் அவருக்கு மனைவியான ஹென்றியெட்டாவும் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களாகப் போய்ச் சேர்ந்து, உள்ளே நடப்பதைப் பார்த்து எழுதினார்கள்.

1930இல் 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்ற மௌனப் படம் வெளிவந்தது. பேர்லினில் வாழும் சாதாரண இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளைக் கழிப்பதுதான் கதை. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்களே அல்ல. படத்துக்கான கரு கேர்ட்டுடையது. அவருடைய கைக்காசும் அதில் போனது. இயக்கியவர்கள் ரொபர்ட் சியோட்மாக்கும் எட்கர் உல்மரும். திரைக்கதை பில்லி வைல்டர். ஒளிப்பதிவு ஒய்கன் ஷூஃப்டான். கெமராவுக்கு உதவியாக நின்ற இளைஞர் பிரெட் ஸின்னமன். இவர்களில் வைல்டர், ஸின்னமன், ஷூஃப்டான் மூவரும் பிற்காலத்தில் ஒஸ்கார் வாங்கியவர்கள். ஆனால் ஜேர்மன் சினிமாவுக்காக அல்ல. இந்தச் சிறு கூட்டத்தில் ஒவ்வொருவரும் கடைசியில் அமெரிக்காவில்தான் வேலை செய்ய வேண்டி வந்தது.

கேர்ட் நாவலாசிரியராகவும் வளர்ந்துகொண்டிருந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்ப ஒரு மிதக்கும் தளம் கட்டுவதைப் பற்றிய அவருடைய நாவலை, ஜேர்மனியின் பெரிய கம்பனியான 'உஃபா' படமாக்கியது. ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில், மூன்று வேறு கதாநாயகர்களை வைத்து எடுத்தார்கள். ஜேர்மன் படம் 1932 டிசம்பரில் திரைக்கு வந்தது. கதாசிரியருக்கு வயது முப்பது. இனி இந்த மனிதருக்கு என்ன குறை என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த மாதம், 1933 ஜனவரி 30ஆம் திகதி, ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

ஒரு வருஷத்தில் எல்லாம்

மார்ச் மாதக் கடைசியில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் சினிமாக்காரர்களைப் பேர்லினில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்து, இனி ஜேர்மன் சினிமா எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார். அதற்கு மறுநாளே உஃபாவின் பணிப்பாளர் சபை கூடி, யூத ஊழியர்களை விலக்குவது என்று தீர்மானம் எடுத்தது. மூன்று மாதத்துக்கு முன் கேர்ட்டின் கதையைத் திரையிட்ட அதே கம்பனிதான்.

கேர்ட் ஜேர்மனியை விட்டுப் போனார். இங்கிலாந்தில் சில வருஷம் திரைக்கதை வேலை கிடைத்தது. சமுத்திரத்துக்கு அடியில் சுரங்கப் பாதை தோண்டும் கதையான 'த டனல்' (1935) அந்தக் காலத்துப் படம். 1937இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கேர்ட் என்ற பெயரின் முதல் ஆங்கில எழுத்தும் வழியில் மாறிப்போனது. ஜேர்மன் முறையில் 'கே' எழுத்தில் தொடங்கிய பெயர், 'சீ' எழுத்துக்கு வந்தது. தமிழில் எழுதும்போது இந்த வித்தியாசம் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ் படித்து, தமிழைப் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. ஓவியன் நாடு மாறினால் தூரிகை மாறாது. இசைக்காரனுக்கு வாத்தியம் அதேதான். எழுத்தாளனுக்கு? முப்பத்தைந்து வயதில், ஜேர்மன் மொழியில் வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்த ஒருவர், அந்த மொழியில் ஒரு வரிகூட விற்க முடியாத ஊரில் வந்து இறங்குகிறார். நாற்பதை நெருங்கும் வயதில் நம்மில் யாரையாவது பிடித்து, 'இனிமேல் வேறு பாஷையில்தான் நாவல் எழுத வேண்டும்' என்று சொன்னால் எப்படி இருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள்.

ஹொலிவூட்டில் அவருக்குத் திறந்த கதவு, யூனிவர்சல் கம்பனியின் திகில் படப் பிரிவு. அதற்கும் ஓர் அகதியின் கை இருந்தது. ஜோ மே என்ற இயக்குநர், அவரும் ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்தவர், 'மறையும் மனிதன் திரும்பி வருகிறான்' (1940) என்ற படத்தைச் செய்தார். அதில் கேர்ட்டுக்கு வேலை கிடைத்தது. கதையைக் கவனியுங்கள். செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்ற ஒருவன், யார் கண்ணுக்கும் தெரியாதவனாக மாறித் தப்பி ஓடுகிறான். திகில் படம் எண்டு சொல்லித்தான் எழுதச் சொன்னார்கள். குற்றமில்லாதவன் குற்றவாளியாக்கப்படும் கதையை அவர் எழுதிக் கொடுத்தார்.

மேசைக்கு வந்த தலைப்பு

1941இல் 'ஓநாய் மனிதன்' என்ற தலைப்பை யூனிவர்சல் அவரிடம் கொடுத்தது. கதை இல்லை, தலைப்பு மட்டும்தான். யார் யார் நடிப்பது என்பதும் தன்னிடம் வருமுன்பே முடிவாகியிருந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இயக்குநர் ஜோர்ஜ் வாக்னர். கதாநாயகன் லொன் சேனி ஜூனியர்.

எழுபது நிமிஷப் படம். கதை சுருக்கமாக இதுதான். லெறி டால்பட் என்பவன் பதினெட்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, அண்ணன் இறந்ததால் வேல்ஸிலுள்ள தகப்பனின் கோட்டைக்குத் திரும்பி வருகிறான். ஊரில் ஒரு பழம்பொருள் கடையில், வெள்ளியால் செய்த ஓநாய்த் தலையுள்ள கைத்தடி ஒன்றை வாங்குகிறான். அன்று இரவு ஜிப்சிகளின் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓநாய் ஒரு பெண்ணின் மேல் பாய்கிறது. லெறி அவளைக் காப்பாற்ற ஓடி, தன் தடியால் ஓநாயை அடித்துக் கொல்கிறான். அந்தச் சண்டையில் அவனுக்குக் கடி விழுகிறது. விடிந்தால் அங்கே கிடப்பது மனிதனின் பிரேதம், ஜிப்சிக் குறிகாரனுடையது.

அதன் பிறகு லெறி விரும்பாமலே மாறுகிறான். கொலை செய்கிறான். காலையில் சேற்றுக் கால் தடங்களைப் பார்த்து நடுங்குகிறான். தகப்பன் படித்த மனிதர். எல்லாம் மனப் பிரமை என்கிறார். கடைசி இரவில் மகனை நாற்காலியில் வைத்துக் கட்டிவிட்டு வேட்டைக்குப் புறப்படுகிறார். மகனோ, அந்த வெள்ளித் தடியைக் கையோடு கொண்டு போகும்படி தகப்பனைக் கெஞ்சுகிறான். காட்டில் தன்மேல் பாய்ந்த மிருகத்தைத் தகப்பன் அந்தத் தடியாலேயே அடித்துக் கொல்கிறார். கண் முன்னாலேயே மிருகத்தின் முகம் மகனின் முகமாகிறது.

கேர்ட் முதலில் எழுதியது வேறு. அதில் கதாநாயகன் கோட்டைக்கு வேலையாக வந்த ஓர் அமெரிக்கன். வீட்டு மகன் அல்ல. அவன் உண்மையில் மாறுகிறானா, மாறுவதாக நினைக்கிறானா என்பதைப் பார்வையாளரின் முடிவுக்கு விட நினைத்தார். கம்பனிக்கு அது ஒத்துவரவில்லை. மிருகத்தைத் திரையில் காட்டினால்தான் சனம் வரும். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் மணிக்கணக்காக உட்கார்ந்து சேனியின் முகத்தில் மயிர் ஒட்டினார்.

கம்பனிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கதாநாயகன் மகனானதால்தான் முடிவு இவ்வளவு கனமாக விழுகிறது. ஆனால் முதற் படிவத்தின் அந்நியன் முழுவதும் மறைந்துவிடவுமில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய லெறி, ஊர்ச் சனத்தின் கண்ணுக்கு வெளியாள்தான். பேச்சு வேறு, நடை வேறு. பள்ளியில் வழிபாட்டுக்குப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்; அவனால் உள்ளே போய் உட்கார முடியவில்லை.

குற்றவாளி அப்பாவியான கதை

கேர்ட் செய்த பெரிய மாற்றம் நிலவுமல்ல, வெள்ளியுமல்ல. பழைய ஓநாய் மனிதனின் குற்றத்தை எடுத்துவிட்டார்.

இலத்தீன் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில், ஆர்க்கேடியாவின் மன்னன் லைக்கேயன் தெய்வத்துக்கே மனித இறைச்சி படைத்தவன். அதற்குத் தண்டனையாக ஓநாயாகிறான். 1589இல் ஜேர்மனியின் பெட்பர்க் என்ற ஊரில் பீற்றர் ஸ்டும்ப் என்ற மனிதனை ஓநாய் மனிதன் என்று சொல்லிக் கொடூரமாகக் கொன்றார்கள். பிசாசு கொடுத்த ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு ஓநாயாக மாறினேன் என்று சித்திரவதையில் அவனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. மிருகமானவன் மிருகமாக வேண்டியவனே, அவனே தேடிக்கொண்டது.

1935இல் யூனிவர்சலே 'லண்டனின் ஓநாய் மனிதன்' என்று ஒரு படம் எடுத்திருந்தது. அதிலும் கடி உண்டு, நிலவு உண்டு. ஆனால் அதில் வரும் டொக்டர், அபூர்வமான ஒரு பூவுக்காகத் திபெத்துக்குப் போய், எச்சரிக்கையைக் கேட்காமல் நடந்து கடி வாங்கியவர். அங்கேயும் கொஞ்சம் குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லெறி டால்பட் செய்தது என்ன? ஒரு பெண்ணின் அலறலைக் கேட்டு உதவிக்கு ஓடினான். அவ்வளவுதான். மனம் சுத்தமான மனிதனுக்கும் இது நேரலாம் என்பதே படத்தில் வரும் நாலுவரிப் பாட்டின் கருத்தும்.

படத்தில் ஓர் ஐந்துமுனை நட்சத்திரம் வருகிறது. ஓநாய் மனிதனின் கடிகாயம் அந்த வடிவத்தில் இருக்கும். அடுத்து யார் பலியாவார்களோ அவர்களுடைய உள்ளங்கையிலும் அது தெரியும்; ஆனால் ஓநாயாக மாறுபவனின் கண்ணுக்குத்தான் தெரியும். 1941 செப்டெம்பரில் ஜேர்மனியில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே வெளியே வரவேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. ஒக்டோபர் கடைசியில் இந்தப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. அதிலிருந்துதான் இது வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஐந்து முனை வேறு, ஆறு முனை வேறு. ஆனாலும் படம் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: கையை நீட்டும் பெண்ணுக்குத் தன் கையில் எதுவும் தெரியாது. அடையாளம் கொல்லப்போகிறவனின் பார்வையில் இருக்கிறது.

முதுமையில் கேர்ட்டே இதை வெளிப்படையாகப் பேசினார். ஜேர்மனியில் யூதனாக இருப்பது தான் தேர்ந்தெடுக்காமல் தன்மேல் விழுந்த விதி என்றும், லெறியின் விதியும் அப்படிப்பட்டதுதான் என்றும், படத்தின் நிலவுக்கு இணையாகத் தன் வாழ்க்கையில் இருந்தது சுவஸ்திகா என்றும் விளக்கினார். ஒரு படைப்பாளி ஐம்பது வருஷம் கழித்துத் தன் படைப்புக்குச் சொல்லும் பொருளை அப்படியே எடுக்க வேண்டும் என்றில்லை. ஆனால் படத்தைப் பார்த்தவருக்கு அந்த விளக்கம் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகத் தோன்றாது. அதோடு, லெறி வெறும் பாதிக்கப்பட்டவன் மட்டுமல்ல, கொலையும் செய்கிறான். பக்கத்து வீட்டு நல்ல மனிதன் ஒரு பருவம் வந்ததும் வேட்டை மிருகமாவதையும் ஜேர்மனியில் கேர்ட் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். இரண்டு பயமும் ஒரே உடம்பில் இருப்பதால்தான் இந்தப் பாத்திரம் இன்னும் சாகாமல் இருக்கிறது.

படம் 1941 டிசம்பர் 12ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் பேர்ள் ஹார்பரில் குண்டு விழுந்து அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியிருந்தது. இந்த நேரத்தில் பேய்ப்படத்துக்கு யார் வருவார்கள் என்று பயந்தார்கள். சனம் வந்தது.

பழம்பாட்டு செய்யும் முறை

இனி அந்தப் பாட்டுக்கு வருவோம். நாலே வரி. கேர்ட் இந்தப் படத்துக்காகச் சொந்தமாக எழுதியது. ஆனால் அது ஜேர்மன் நாட்டார் பாடல் என்றும் ஜிப்சிகளின் பழமொழி என்றும் பலர் நம்பினார்கள். சினிமா வரலாறு எழுதுபவர்கள்கூட இதைப் பழம்பாட்டு என்று நினைக்கிறார்கள், எழுதியது நான்தான் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது.

ஏன் நம்பினார்கள்? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும். தொடக்கத்தில் ஒரு கை கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றை எடுத்து விரிக்கிறது. ஓநாயாக மாறும் நிலை பற்றிய குறிப்பு திரையில் வருகிறது. கதையில் வரப்போகும் டால்பட் கோட்டையின் பெயரும் அந்தக் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது! கற்பனைக் கோட்டைக்கு அச்சடித்த ஆதாரம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு அந்த நாலு வரியையும் கடைக்காரப் பெண் சொல்கிறாள். அவளுடைய தோழியும் சொல்கிறாள். கதாநாயகனின் தகப்பனும் சொல்கிறார். மூன்று வாய், ஒரே சொல். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் அது அவருடைய பேச்சு. மூவர் தனித்தனியாகச் சொன்னால் அது ஊர்ப் பேச்சு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை வெளியூர்க்காரன் லெறி மட்டும் அறியாமல் நிற்கிறான். பார்வையாளரும் அவனோடு சேர்ந்து, 'நமக்குத்தான் தெரியாமல் போனது போல' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாட்டார் பாடலுக்குப் பாடபேதம் இருக்கும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். இந்தப் பாட்டுக்கும் இரண்டு வருஷத்துக்குள் பாடபேதம் வந்தது. முதற் படத்தில் முழுநிலா கிடையாது. ஒரு மூலிகை பூக்கும் காலத்தையும் இலையுதிர்கால நிலவையும்தான் பாட்டு சொல்கிறது. 1943இல் வந்த அடுத்த படத்தில் கடைசி வரியை மாற்றி முழுநிலவைக் கொண்டுவந்தார்கள். அதுதான் நிலைத்தது. எங்கள் பிள்ளைகள் இன்று சொல்லும் 'முழுநிலா' அந்தத் திருத்தத்தின் பிள்ளை. 2010இல் பெனிசியோ டெல் டோரோ நடித்து யூனிவர்சல் மறுபடி எடுத்த படமும் இதே பாட்டை வைத்துத்தான் தொடங்குகிறது.

எழுத்தாளனுக்கு இல்லாத அதிகாரம்

அடுத்த படத்தின் பிறப்பை கேர்ட் பகிடியாகச் சொல்வார். கம்பனிச் சாப்பாட்டுக் கடையில் இருந்து, பிராங்கன்ஸ்டைனின் பூதத்தையும் ஓநாய் மனிதனையும் சந்திக்க வைப்போமா என்று விளையாட்டாகக் கேட்டாராம். அவருக்கு அப்போது ஒரு கார் வாங்க ஆசை, காசு இல்லை. சில நாள் கழித்து வாக்னர் வந்து, 'காரை வாங்கிவிடு, அந்தப் படத்தை எழுதப் போவது நீதான்' என்றாராம்.

அந்தத் திரைக்கதைக்கு நேர்ந்தது பகிடி அல்ல. அதில் பூதம் பேசும், கண் தெரியாது. பேலா லுகோஸி அப்படித்தான் நடித்தார். படம் முடிந்த பிறகு அவருடைய பேச்சை முழுக்க வெட்டினார்கள். கண் தெரியாது என்று சொல்லும் இடமும் அதோடு போனது. மிஞ்சியது, இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவித் தடவி நடக்கும் பூதம். காரணம் தெரியாமலே உலகம் அந்த நடையைப் பிடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் பேய் விளையாட்டில் கை நீட்டி நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த வெட்டுப்பட்ட பக்கங்கள்தான் ஞாபகம் வரும்.

அண்ணனும் தம்பியும் ஒரு படத்தில் சேர்ந்தார்கள். 'டிராகுலாவின் மகன்' (1943) கேர்ட்டின் கதை. இயக்க வந்த ரொபர்ட், தம்பியை அந்த வேலையிலிருந்து நீக்க வைத்தார் என்று கேர்ட்டே சொல்லியிருக்கிறார். திரைக்கதையை வேறொருவர் எழுதினார். ரொபர்ட் பின்னர் 'த கில்லர்ஸ்' (1946) போன்ற குற்றப் படங்களால் மேலே போனார். கேர்ட் திகில் படக்காரராகவே நின்றார்.

அதே வருஷம் வேறொரு கம்பனியில், வால் லூட்டன் தயாரிக்க, ஜாக் டேர்னர் இயக்கிய 'நான் ஒரு ஸொம்பியோடு நடந்தேன்' படத்துக்கு ஆர்டெல் ரே என்ற பெண் எழுத்தாளரோடு சேர்ந்து எழுதினார். கரிபியன் தீவொன்றில் நடக்கும் கதை. அடிமைக் கப்பலின் முகப்பில் இருந்த சிலை ஒன்று அந்தத் தோட்ட வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அந்தத் தீவில் பிள்ளை பிறந்தால் அழுவார்கள், ஆள் இறந்தால் மகிழ்வார்கள். பயம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் படம் பேயைக் காட்டவில்லை, கப்பலைக் காட்டுகிறது.

சினிமாவில் எழுத்தாளனுக்குக் கிடைக்காத அதிகாரம் நாவலில் கிடைத்தது. 1942இல் 'டொனவனின் மூளை' வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதியது. நாட்டை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. விமான விபத்தில் இறந்த ஒரு கோடீஸ்வரனின் மூளையை ஒரு டொக்டர் தொட்டியில் உயிரோடு வைத்திருக்கிறார். மெல்ல மெல்ல அந்த மூளை டொக்டரின் உடம்பை ஆளத் தொடங்குகிறது. அவருடைய கையால் எழுதுகிறது, அவருடைய காலால் நடக்கிறது. 1944, 1953, 1962 என்று மூன்று தடவை படமான நாவல் இது. தன் உடம்பும் கையும் தன் சொல் கேளாமல் வேறொரு சக்தியின் சொல் கேட்பது, ஓநாய் மனிதனின் பயமும் அதுவே. இரவல் மொழியில் எழுதும் ஒருவருக்கு இந்தப் பயம் அந்நியமாக இருந்திருக்காது என்பது என்னுடைய எண்ணம்.

கடைசிக் காலம்

ஐம்பதுகளில் 'பறக்கும் தட்டுகளுக்கு எதிராகப் பூமி' (1956) போன்ற படங்களில் அவருடைய பெயர் வருகிறது. சில சிறு படங்களைத் தானே இயக்கினார். அவை பெரிதாகப் பேசப்படவில்லை. ரொபர்ட் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனார், 1973இல் இறந்தார். கேர்ட் கலிபோர்னியாவில் த்ரீ ரிவர்ஸ் என்ற மலையடி ஊரில் ஒரு பண்ணையில் இருந்தார். ஹிட்லருக்கு நன்றி சொல்ல வேண்டும், அந்த ஆள் வராவிட்டால் நான் இன்னும் பேர்லினில்தானே கிடந்திருப்பேன் என்று கசப்பாகப் பகிடி விடுவாராம்.

1997இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் பழைய திகில் படப் பாத்திரங்களுக்கு முத்திரை வெளியிட்டது. ஓநாய் மனிதனுக்கும் ஒன்று. அதில் இருப்பது சேனியின் முகமும் பியர்ஸின் ஒப்பனையும். சொல்லைப் படமாக முத்திரையில் அச்சிட முடியாதுதானே.

1998இல் பேர்லின் சர்வதேசத் திரைப்பட விழா, சியோட்மாக் சகோதரர்கள் இருவரின் படங்களையும் சேர்த்துத் திரையிட்டது. கேர்ட்டுக்கு விழாவின் கௌரவ விருதும் கிடைத்தது. வயது தொண்ணூற்றைந்து. உஃபா அவரைப் போன்றவர்களை வேண்டாம் என்று தீர்மானித்து அறுபத்தைந்து வருஷம் கழித்து, அதே நகரம் அவரைக் கூப்பிட்டது. 2000 செப்டெம்பர் 2ஆம் திகதி, தொண்ணூற்றெட்டு வயதில், தன் பண்ணை இருந்த ஊரில் காலமானார். அவருடைய தன்வரலாறு மறு வருஷம் அமெரிக்காவில் நூலாக வந்தது. ஓநாய் மனிதனை ஆக்கியவன் என்றுதான் அதன் தலைப்பிலேயே தன்னை அறிமுகப்படுத்துகிறார். அந்தப் பாத்திரம் தன்னுடையது என்று ஒரு தடவையாவது அட்டையில் எழுதிவைக்க அவருக்கு இருந்த ஆசை விளங்குகிறது.

இவரை அறிய விரும்புகிற வாசகர்களுக்கு என் சிபாரிசு: முதலில் 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' படத்தைப் பாருங்கள். யாரையும் எதுவும் துரத்தாத பேர்லினை, வெயிலில் குளித்துச் சிரிக்கும் அந்த இளம் முகங்களைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு 'ஓநாய் மனிதன்' பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பதினொரு வருஷம்தான். திகில் படத்தில் பயப்பட வேண்டிய இடம் எது என்பது அப்போது சரியாகத் தெரியும்.